ஆறு பேர் எழுதினார்கள், ஆறு வரிகள் வந்தன

நேயர் விருப்பம் நடத்துகிற எந்த அறிவிப்பாளரையும் கேட்டுப் பாருங்கள். பாடல் தேடுவதுகூடச் சிரமமில்லை, 'இந்த வாரம் எத்தனை பேர் எழுதினார்கள்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிரமம். அஞ்சலட்டை வந்த காலத்தில் அட்டைகளை அடுக்கி எண்ணினால் வேலை முடிந்தது. ஓர் அட்டை, ஒரு நேயர். இப்போது புலனத்தில் வருகிறது, குரல் பதிவாக வருகிறது, இணையப் படிவத்தில் வருகிறது. எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் போய்ச் சேர்கிறது. எண்ணுவதும் கணினிதான். ஆனாலும் தயாரிப்பாளர் ஓர் எண் சொல்வார், விளம்பரப் பிரிவு வேறோர் எண் சொல்லும். இரண்டும் ஒரே தரவிலிருந்து எடுத்தவை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த வாரம் அந்த மர்மத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கணினித் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது பழகிய தொல்லை. மற்றவர்கள் 'நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பேருந்தில் இடம் கிடைக்காமல் போன ஓர் அத்தை நடுவில் வருகிறார்.

தரவுத்தளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஆசிரியர் வைத்திருந்த வருகைப் பதிவேடு மாதிரிதான். ஒரு மாணவருக்கு ஒரு வரி. வரியில் பெயர், வகுப்பு, தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல். நாங்கள் நேயர் தகவல்களை வைப்பதும் இப்படித்தான். ஒரு தகவலுக்கு ஒரு வரி. எந்த ஊர், எந்த நாள், என்ன பாடல்.

கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒருவர் ஒரு பாடல் கேட்டால் சரி. மூன்று கேட்டால்? மூன்றையும் அதே கட்டத்துக்குள் பட்டியலாகப் போட்டுவிடலாம். கணினிக்காரர்கள் இதை அரே என்பார்கள். உங்களுக்கும் இது தெரிந்ததுதான். கூகுள் ஃபார்ம்ஸில் 'பொருந்தும் அனைத்தையும் தேர்வு செய்க' என்று ஒரு கேள்வி வைத்துவிட்டு, பிறகு பதில்களை விரிதாளில் திறந்து பாருங்கள். ஒருவர் தேர்ந்தெடுத்த நான்கும் ஒரே கட்டத்தில், நடுவில் காற்புள்ளி போட்டு உட்கார்ந்திருக்கும்.

இப்படி அடைப்பதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் விரும்பவில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளம். ஒரு கட்டத்தில், மேலும் பிரிக்க முடியாத ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. மூன்று பாடல் என்றால் பாடல்களுக்குத் தனிப் பதிவேடு போட வேண்டும். நல்ல ஒழுங்குதான், ஆனால் வேலை அதிகம். 1999இல் வந்த எஸ்கியூஎல் தரநிர்ணயம் பட்டியலையும் கட்டத்துக்குள் அனுமதித்தது. சாப்பாட்டுக்கடையில் ஒரே பொட்டலத்தில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் கட்டித் தருவதுபோல. கட்டும்போது சுகம். பிரிக்கும்போதுதான் தெரியும்.

பிரித்துத்தான் ஆக வேண்டும். 'அதிகம் பேர் கேட்ட பாடல் எது?' என்று கேட்டால், பட்டியலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாடலையும் வெளியே எடுத்தால்தானே எண்ண முடியும்? போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயர் அன்னெஸ்ட். நெஸ்ட் என்றால் கூடு. கூட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு பறவையையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி கொடுப்பது. நேயரின் ஊர், எண், தேதி எல்லாம் ஒவ்வொரு வரியிலும் மறுபடி எழுதப்படும்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். கிள்ளான் நேயர் 3 பாடல் கேட்கிறார். ஈப்போ நேயர் 1. தைப்பிங் நேயர் 2. சிரம்பான், மலாக்கா, சுங்கைப் பட்டாணி நேயர்கள் மூவரும் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு, பாடலை நம் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பாடல் பட்டியல் காலி.

இப்போது அன்னெஸ்ட் செய்யுங்கள். எத்தனை வரி வரும்? மூன்றும் ஒன்றும் இரண்டும் ஆறு.

ஆறு பேர் எழுதினார்கள், ஆறு வரிகள் வந்தன. அறிக்கை எழுதுபவர் மனநிறைவோடு தேநீர் குடிக்கப் போய்விடுவார். ஆனால் ஊர்ப் பெயர்களை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். கிள்ளான், கிள்ளான், கிள்ளான், ஈப்போ, தைப்பிங், தைப்பிங். சிரம்பானைக் காணோம். மலாக்காவைக் காணோம். சுங்கைப் பட்டாணியையும் காணோம். எழுதியவர்களில் பாதிப் பேர் மறைந்துவிட்டார்கள், எண் மட்டும் அசையாமல் நிற்கிறது.

பட்டியலை விரித்ததும் வரிகள் எதிர்பாராமல் பெருகிவிட்டன என்றுதான் எல்லாரும் புலம்புவார்கள். 100 வரி 340 ஆனால் யாருக்கும் கண் உறுத்தும். உடனே தோண்டிப் பார்ப்பார்கள். எனக்கென்னவோ பெருகுவதைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. பெருகுவதும் குறைவதும் ஒரே நேரத்தில் நடந்து, ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறதே, அதுதான் உண்மையிலேயே ஆபத்து.

ஏன் இப்படி? கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு தவறும் செய்யவில்லை. தீபாவளிக்கு ஒரு தாமானில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை பலகாரம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று பை. பிள்ளைகள் இல்லாத வீட்டுக்குப் பை கிடையாது. எல்லாம் கொடுத்து முடித்தபின் பைகளை எண்ணி, 'இந்தத் தாமானில் இத்தனை வீடுகள்' என்று யாராவது சொல்வார்களா? அன்னெஸ்ட் செய்தபின் வரிகளை எண்ணி 'இத்தனை நேயர்கள்' என்று சொல்வதும் அதேதான். விரிப்பதற்கு முன் ஒரு வரி என்றால் ஒரு நேயர். விரித்தபின் ஒரு வரி என்றால் ஒரு பாடல். பதிவேட்டின் பொருளே மாறிவிட்டது, மேலே இருக்கும் தலைப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பட்டியல் காலியாக இருந்தாலும் சரி, பட்டியல் என்ற ஒன்றே எழுதப்படாமல் நல் என்று இருந்தாலும் சரி, முடிவு ஒன்றுதான். வரி கிடையாது. எதுவுமே இல்லாத கட்டத்துக்குக் கணினி வைத்திருக்கும் பெயர்தான் இந்த நல். தமிழில் படித்தால் ஏதோ நல்ல விஷயம்போலத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. ஒரு வானொலி நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு நேயர் விருப்ப நிகழ்ச்சிகள். ஒன்று ஞாயிறு காலை, பழைய பாடல்கள். மற்றொன்று வெள்ளி இரவு, புதிய பாடல்கள். இரண்டில் ஒன்றின் நேரத்தைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்று கூட்டம் போட்டார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். வெளியாரிடம் கொடுத்துத் தயாரித்த அறிக்கை ஒன்று மேசையில் இருந்தது. 'நேயர் எண்ணிக்கை' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. வெள்ளி இரவின் கம்பம் உயரமாக நிற்கிறது, ஞாயிறு காலை முழங்கால் அளவுக்கு நிற்கிறது.

வெள்ளி இரவு எழுதுகிறவர்கள் யார்? வேலை முடிந்து காரில் போகிற இளையவர்கள். நான்கு பாடல், ஐந்து பாடல் என்று பட்டியல் போட்டு அனுப்புவார்கள். எதையாவது ஒன்றைப் போட்டால் போதும் என்று சிரிக்கும் முகம் ஒன்று கூடவே வரும். ஞாயிறு காலை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். தட்டச்சு செய்யப் பொறுமை இருக்காது, குரல் பதிவுதான். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? பேரன் பேத்தி எல்லாத்துக்கும் வாழ்த்துச் சொல்லிடுங்க. பாட்டு நீங்களே பார்த்துப் போடுங்கம்மா." இதுதான் பாதிப் பேர் சொல்வது. குரல் பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பயிற்சி மாணவி ஊரைப் போடுவாள், தேதியைப் போடுவாள், வாழ்த்தை எழுதுவாள். பாடல் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

மேலே பார்த்த எடுத்துக்காட்டை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கம் ஒவ்வொருவரும் நான்கு ஐந்தாகப் பெருகுகிறார்கள். மறுபக்கம் ஒவ்வொருவராக மறைகிறார்கள். எது கேட்டாலும் சரி என்று நம்மிடமே விட்டுவிடுகிற நேயர், தொடர்ந்து கேட்கிற நேயர். அறிக்கையில் அவர்தான் இல்லை.

எங்களோடு வேலை செய்யும் தரவுப் பிரிவுத் தம்பி அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆள் கணக்கு இல்லை, பாட்டுக் கணக்கு" என்றான். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ஆள் கணக்கு எங்கே?" பத்து நிமிடத்தில் விரிக்காமல் எண்ணிக்கொண்டு வந்தான். ஞாயிறு காலைதான் முன்னால் நின்றது. நிகழ்ச்சி தப்பியது. ஆனாலும் கால் மணி நேரத்தை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லா முடிவையும் எண்களே எடுப்பதில்லை என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆள் கணக்கு என்றானே, அதுகூட முழுச் சரி இல்லை. பாட்டிக்காகப் பேத்தி அனுப்புவாள், ஒரே தாத்தா இரண்டு கைத்தொலைபேசியிலிருந்து அனுப்புவார். அது தகவல் கணக்கு. அந்த வம்பு வேறொரு வாரத்துக்கு இருக்கட்டும்.

இந்த இடத்தில் எஸ்கியூஎல் கொஞ்சம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குவார்கள். "டிஸ்டிங்ட் போட்டால் சரியாகிவிடுமே?" ஒரே நேயர் பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் எண்ணு என்று சொல்லும் சொல் அது. போட்டுப் பாருங்கள். கிள்ளான், ஈப்போ, தைப்பிங். மூன்று. பெருகியதை அது சரிசெய்யும். தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவராது. வரிசையிலேயே நிற்காத ஆளை எப்படி எண்ணுவது? இன்னும் சொன்னால், அதுவரை ஆறு என்று தற்செயலாகச் சரியாக இருந்த எண் இப்போது மூன்று என்று ஆகி, 'இனிச் சரியான எண்' என்ற நம்பிக்கையோடு அறிக்கைக்குப் போகும்.

மறைந்தவர்களை மீட்க வழி உண்டு. லெஃப்ட் ஜாயின் என்று ஒரு இணைப்பு முறை இருக்கிறது. இடப்பக்கத்தில் இருக்கும் ஒருவரையும் விடாதே, வலப்பக்கத்தில் ஜோடி இல்லாவிட்டால் வெற்றிடம் போட்டாவது வரியைக் கொடு என்று அர்த்தம். போஸ்ட்கிரஸில் லெஃப்ட் ஜாயின் லேட்டரல் என்று எழுதி, அன்னெஸ்டை அடுத்து வைத்து, ஆன் ட்ரூ என்று முடிப்பார்கள். இப்போது நம் ஆறு பேருக்கு ஒன்பது வரிகள் வரும். பாடலோடு ஆறு, பாடல் இல்லாமல் மூன்று. வரிகளை எண்ணினால் 9. பாடல் கட்டத்தை மட்டும் எண்ணச் சொன்னால் 6, ஏனென்றால் கவுன்ட் நல்லை எண்ணாது. நேயர்களை டிஸ்டிங்ட் போட்டு எண்ணினால் 6. இந்த மூன்று எண்ணும் சரிதான். எந்தக் கேள்விக்கு எது பதில் என்பதுதான் விஷயம்.

இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. மீட்டெடுத்தபின், 'இன்ன பாடலை மட்டும் காட்டு' என்று வேர் நிபந்தனை ஒன்றைக் கீழே சேர்த்தால், வெற்றிடத்தோடு காத்திருந்த மூன்று பேரும் மறுபடி வெளியே போய்விடுவார்கள். வாசல் வரை அழைத்துவந்து கதவைச் சாத்துவதுபோல.

ஒரே தரவை இரண்டு பேர் எண்ணி இரண்டு எண் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குணம். போஸ்ட்கிரஸ் அன்னெஸ்ட் காலிப் பட்டியலைத் தூக்கிவிடும். கூகுளின் பிக்குவெரியில் காற்புள்ளி போட்டு அன்னெஸ்ட் செய்தால் அதுவும் தூக்கிவிடும். ஸ்பார்க்கில் எக்ஸ்ப்ளோட் என்றால் தூக்கிவிடும், எக்ஸ்ப்ளோட் அவுட்டர் என்றால் வைத்துக்கொள்ளும். பைத்தான் மொழியில் பாண்டாஸ் என்ற கருவியில் அதே எக்ஸ்ப்ளோட் என்ற பெயர்தான், ஆனால் அது காலிப் பட்டியலைத் தூக்காமல் ஒரு வெற்று வரியாக வைத்துக்கொள்ளும். நம் ஆறு நேயர்களை அதில் விரித்தால் ஒன்பது வரி. ஆக, ஒருவர் எஸ்கியூஎல்லிலும் மற்றவர் பைத்தானிலும் எண்ணிவிட்டு, மதிய உணவு இடைவேளையில் சண்டை போடுவார்கள். இருவருமே 'நான் பட்டியலை விரித்து எண்ணினேன்' என்றுதான் சொல்வார்கள்.

இனி அந்த அத்தை. ஒரு வட்டாரக் கோவிலில் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகப் பேருந்து ஏற்பாடு செய்தார்கள். இணையப் படிவம். பெயர், தொலைபேசி எண், 'உடன் வருபவர்கள்' என்று ஒரு பட்டியல். ஏற்பாட்டாளரின் மகன் கணினி படித்த பிள்ளை. அழகாக உடன் வருபவர்கள் பட்டியலை விரித்து, ஒவ்வொரு வரியிலும் பதிவு செய்தவர் பெயர் பக்கத்தில் இருக்க, அச்சடித்துக் கொடுத்துவிட்டான். பார்த்தவர்கள் எல்லாருக்கும் தங்கள் பெயர் கண்ணில் பட்டது, குடும்பத்தார் பெயரும் பட்டது. திருப்தி. தனியாக வருகிறவர்கள் அந்தப் பட்டியலை நிரப்பவில்லை. அவர்களுக்கு வரியே இல்லை. அதிகாலையில் பால்குடத்தோடு வந்து நின்ற அத்தை, "நாந்தான் மொத ஆளா பேர் குடுத்தேனே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. படிவத்தின் முதல் வரியில் அவர்தான் இருந்தார். கடைசியில் ஓட்டுநர் பக்கத்தில் இருந்த சிறு இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். தனியாக வருகிறவர்களை மட்டும் பார்த்து ஒதுக்கும் கணக்கு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் இதில் வேதனை.

ஒரு பட்டியலுக்கே இந்தப் பாடு. ஒரே வரியில் இரண்டு பட்டியல் இருந்தால்? கிள்ளான் நேயர் மூன்று பாடல் கேட்டு, மாமியாருக்கும் அக்கா மகளுக்கும் என்று இரண்டு பேருக்கு வாழ்த்தும் சொல்லியிருக்கிறார். பாடல்களையும் விரி, வாழ்த்துப் பெறுவோரையும் விரி என்று கேட்டால் எத்தனை வரி?

இரண்டையும் ஃப்ரம் பகுதியில் காற்புள்ளி போட்டு அடுத்தடுத்து வைத்தால் 6. ஒவ்வொரு பாடலும் ஒவ்வொருவரோடும் ஜோடி சேரும். செலெக்ட் பகுதியில் இரண்டு அன்னெஸ்டை வைத்தால் பதில், உங்கள் போஸ்ட்கிரஸ் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது. 2017 அக்டோபரில் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து 3 வரிதான். இரண்டு பட்டியலும் கைகோத்து நடக்கும், குட்டைப் பட்டியல் தீர்ந்ததும் அந்த இடத்தில் வெற்றிடம். அதற்கு முந்தைய பதிப்புகளில் 6 வரும். ஆனால் இது பெருக்கல் என்று நினைத்தால் தவறு. நான்கு பாடலும் இரண்டு பேரும் இருந்தால் அங்கே 8 வராது, 4தான் வரும். மூன்றும் மூன்றும் என்றால் 9 இல்லை, 3. பள்ளியில் படித்தோமே மீச்சிறு பொது மடங்கு, அதுதான் கணக்கு. தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட அந்தப் பாடம் இப்படி ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது!

இதனால் வந்த தொல்லை என்ன தெரியுமா? எழுதுகிறவர் சோதித்துப் பார்க்கும்போது இரண்டு பாடல், இரண்டு பெயர் என்று அழகாகச் சமமாகப் போட்டுப் பார்ப்பார். இரண்டு வரி வரும். சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவார். உண்மையான நேயர் மூன்று பாடலும் இரண்டு பெயரும் அனுப்பிய அன்றுதான் ஆறு வந்து நிற்கும். 10ஆம் பதிப்பில் இதை மாற்றியது நல்ல முடிவு என்பேன். ஆனால் பழைய வினவலை அப்படியே புதிய பதிப்புக்குக் கொண்டுபோனவர்களுக்கு ஒரே இரவில் எண் குறைந்திருக்கும். நேற்று வரை ஆறு, இன்று மூன்று. நேயர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று யாராவது பயந்திருப்பார்கள்.

இதில் எது சரியான எண் என்று கேட்டால், கணினியிடம் பதில் இல்லை. முதல் பாடல் மாமியாருக்கு, இரண்டாவது அக்கா மகளுக்கு என்று நேயர் நினைத்தாரா? அப்படியானால் கைகோத்து நடப்பதுதான் சரி. மூன்று பாடலும் இரண்டு பேருக்கும் பொதுவாக என்று நினைத்தாரா? அப்படியானால் ஆறு வரிதான் அவர் மனதில் இருந்தது. எனக்குத் தெரிந்து யாரும் முதல் வகையாக நினைப்பதில்லை. மாமியாருக்கு ஒரு பாட்டு, அக்கா மகளுக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக் கொடுத்தால் வீட்டில் என்ன ஆகும்?

காசு கலந்தால் விளையாட்டு இல்லை. ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடும்பத்துக்கு 50 ரிங்கிட் நன்கொடை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. வரியில் 50 என்ற தொகை, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். எந்த வகுப்பிலிருந்து எவ்வளவு வந்தது என்று பார்க்கப் பிள்ளைகளை விரிக்கிறார்கள். மூன்று பிள்ளை உள்ள குடும்பத்தின் 50 மூன்று வரியில் எழுதப்பட்டு 150 ஆகிவிடும். பொருளாளர் கையில் இல்லாத பணம் தாளில் இருக்கும். இங்கே தொகைக்கு டிஸ்டிங்ட் போடுவது இன்னும் மோசம். ஒரு குடும்பம் 50, பக்கத்துக் குடும்பம் 50, இன்னொன்று 100 கொடுத்திருந்தால் மொத்தம் 200. டிஸ்டிங்ட் போட்டுக் கூட்டினால் 150. ஒரே தொகை கொடுத்த பாவத்துக்கு ஒரு குடும்பத்தின் காசு காணாமல் போகும். கூட்டுவதை விரிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். விரித்த பிறகு பணத்தைத் தொடக் கூடாது.

சரி, வேலையில் இதைச் சந்திக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று தம்பியிடம் கேட்டேன். அவன் வழக்கம் எளிமையானது. விரிப்பதற்கு முன் வரிகளை எண்ணி ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வான். பிறகு பட்டியல்களின் நீளங்களைக் கூட்டிப் பார்ப்பான். காலிப் பட்டியல்கள் எத்தனை என்று தனியாக எண்ணுவான். சும்மா விரித்தால் நீளங்களின் கூட்டுத்தொகை வர வேண்டும், லெஃப்ட் ஜாயினோடு விரித்தால் அதோடு காலிப் பட்டியல்களின் எண்ணிக்கையும் சேர்ந்து வர வேண்டும். நம் கணக்கில் 6, பிறகு 6 கூட்டல் 3. வரவில்லை என்றால் மேலே போகமாட்டான்.

காலிப் பட்டியலை எண்ணுவதிலும் ஒரு குழி இருக்கிறது என்று எச்சரித்தான். போஸ்ட்கிரஸில் அரே லெங்த் என்ற கட்டளையிடம் காலிப் பட்டியலைக் கொடுத்தால் 0 என்று சொல்லாது, நல் என்று சொல்லும். நீளம் 0 ஆக இருப்பவற்றைக் காட்டு என்று கேட்டால் ஒன்றுமே வராது. 'ஆகா, காலிப் பட்டியலே இல்லை' என்று நிம்மதியாகிவிடுவோம். கார்டினாலிட்டி என்ற கட்டளைதான் 0 என்று ஒழுங்காகச் சொல்லும். பட்டியலே எழுதப்படாத கட்டங்களை அதோடு தனியாகத் தேட வேண்டும். தொலைந்தவர்களைத் தேடப் போகும் ஆளே தொலைந்துபோகிற கதை இது. எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஆளை எண்ண ஒரு வினவல், பாட்டை எண்ண இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணா எழுதவே கூடாதுக்கா" என்பது அவன் கட்சி. தலைப்பு வைப்பதில்தான் என் கவனம். 'எண்ணிக்கை' என்று மட்டும் எழுதிய எந்தக் கம்ப வரைபடத்தையும் இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. எதன் எண்ணிக்கை என்று கேட்பேன். கூட்டத்தில் இரண்டாவது ஆளாக இதைக் கேட்க யாரும் தயங்குவதில்லை, முதல் ஆளாகக் கேட்கத்தான் தயக்கம்.

ஞாயிறு காலை நிகழ்ச்சிக்கு இப்போது படிவத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார்கள். பாடல் கட்டத்துக்குப் பக்கத்தில் 'அறிவிப்பாளர் விருப்பம்' என்று ஒரு பெட்டி. குரல் பதிவில் "நீங்களே பார்த்துப் போடுங்கம்மா" என்று கேட்டதும் பயிற்சி மாணவி அந்தப் பெட்டியைத் தட்டிவிடுவாள். அது பட்டியலுக்குள் ஒரு பாடல்போலவே போய் உட்கார்ந்துகொள்ளும், பட்டியல் காலியாகாது. சிரம்பானும் மலாக்காவும் சுங்கைப் பட்டாணியும் எப்படி விரித்தாலும் இனி வரிசையில் நிற்கும். வந்த ஒரே தொல்லை, மாத இறுதியில் எடுக்கும் 'அதிகம் விரும்பப்பட்ட பாடல்கள்' பட்டியலில்தான். முதல் இடத்தில் 'அறிவிப்பாளர் விருப்பம்' என்று வந்து நிற்கிறது. அந்தப் பாடலை இசைத்தட்டு அறையில் தேடச் சொல்லி ஒருவர் தம்பியிடம் குறிப்பும் அனுப்பிவிட்டார்.